பெட்டிக்குள் வந்த மெசினும் சொக்லேட்டும்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின பெட்டி வந்து சேர்ந்தது. மேலே சீனி பார்க்கிற மெசின், அதற்குக் கீழே அப்பாவின் சேட்டு, அதற்கும் கீழே இரண்டு பெரிய பை சொக்லேட். தம்பி, அம்மாவுக்குச் சீனி ஏறக்கூடாது என்று நினைக்கிறாயா, இல்லை மெசின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நினைக்கிறாயா?

மெசினால் வீட்டில் ஒரு கலவரமே நடந்தது. விடிய வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் 8.4 என்று காட்டுகிறது. கிளினிக்கில் 140, 150 என்று கேட்டுப் பழகின காதுகள் எங்களுக்கு. எட்டு என்றால் ஆள் தப்பாதே என்று அப்பா சீனிப் போத்தலும் கரண்டியுமாக ஓடி வந்துவிட்டார். கலியாணம் கட்டின நாளில் இருந்து அப்படி ஒரு பாசத்தை நான் அவரிடம் கண்டதில்லை, மறுக்கவும் மனம் வரவில்லை. பிறகு பார்மசியில் வேலை செய்கிற முன்வீட்டுப் பிள்ளை வந்துதான் விளங்கப்படுத்தினாள்: கனடா மெசின் மில்லிமோலில் காட்டுமாம், இங்கே மில்லிகிராம் கணக்காம், 18ஆல் பெருக்க வேண்டுமாம். பெருக்கினால் 151. அதுவும் கரண்டிக்கு முந்தின 151. இரத்தத்தைத் தொட்டு வைக்கிற ஸ்ரிப், அந்த மெசினுக்கு அதன் கொம்பனியுடையது மட்டும்தான் சரிவருமாம், இங்கே கேட்ட கடையில் இல்லை, ஆகவே இனி ஆரும் வந்தால் சொக்லேட் வைக்கிற இடத்தில் ஸ்ரிப்பை வைத்து அனுப்பு.

நீ கோல் எடுக்கும்போதெல்லாம் இனிப்பைத் தொடாதேங்கோ, தொடாதேங்கோ என்கிறாய். இனிப்பைத் தொட இங்கே ஆர் விடுகிறார்கள்? கலியாண வீட்டில் கேசரித் தட்டு என் பக்கம் திரும்பினால் போதும், “அக்காவுக்குச் சீனி, அங்கால கொண்டு போங்கோ” என்று நாலு பேர் சேர்ந்து கத்துவார்கள். அதே நாலு பேரும் பந்தியில் வந்து, என் இலையில் சோற்றை மலை மாதிரிக் குவித்து, “மெலிஞ்சு போனியள், வடிவாச் சாப்பிடுங்கோ” என்பார்கள். சோறு இனிக்காதுதானே, அதனால் அது நல்ல பிள்ளை. சோறும் பிட்டும் இடியப்பமும் பாணும் வயிற்றுக்குள் போனால் சீனியாகத்தான் மாறும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னதை உன் மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். அவ அந்த டொக்டரை மாற்றச் சொல்லுகிறா.

பனங்கட்டிக் கட்சி ஒன்றும் இருக்கிறது. சீனிதான் கூடாது, பனங்கட்டி ஒன்றும் செய்யாது, பனை எங்கட சாமான் என்று சொல்லிக்கொண்டு வெறும் தேத்தண்ணிக்குப் பெரிய துண்டாகக் கடிக்கிற ஆட்கள். கரும்பில் இருந்து வந்தால் என்ன, பனையில் இருந்து வந்தால் என்ன, இரத்தத்துக்குள் போன பிறகு அது சாதி பார்க்காது. ஆனாலும் ஆடிப்பிறப்பு அன்று ஆடிக்கூழுக்கு முன்னால் நின்று இந்த நியாயத்தைப் பேசிப் பார். தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் வறுத்த பயறும் சேர்ந்து கொதிக்கிற மணத்துக்கு விஞ்ஞானம் ஏறாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தைப் பற்றி நான் எழுதவே மாட்டேன், கடதாசி நனைந்துவிடும்.

கிளினிக் வரிசையில் பார்க்க வேண்டும் நீ. கிளினிக்குக்கு முந்தின இரண்டு நாளும் பாவற்காயும் வெந்தயத் தண்ணியுமாகத் தவம் இருந்து, சாப்பிடாமல் பார்க்கிற சீனியைக் குறைத்துக்கொண்டு, பரீட்சையில் பார்த்து எழுதின பெடியள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருப்பார்கள். அதற்குத்தான் எச்பிஏவன்சி என்று ஒரு சோதனை. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் இருக்குமாம், ஓடுகிற சீனி அதில் ஒட்டிக்கொள்ளுமாம், ஆகவே இரண்டு மூன்று மாதக் கதை முழுக்க வெளியே வந்துவிடும். திவசத்துப் பாயாசம் உட்பட.

எனக்கும் ஒரு சலுகை உண்டு. இப்போது தருகிற குளிசை ஒன்றால் சில வேளை சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம், கை நடுங்கி வேர்த்தால் உடனே இனிப்பாக எதையாவது வாயில் போடுங்கோ என்று நேர்ஸ் பிள்ளை சொல்லியிருக்கிறா. அதனால் கைப்பைக்குள் டொபி வைத்திருக்கச் சட்டப்படி அனுமதி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தச் சனத்துக்குள், அந்த வெயிலில், ஆருக்குத்தான் வேர்க்காது? இது அந்த வேர்வையாக இருக்குமோ என்று மனம் ஒவ்வொரு தரமும் ஆசையோடு கேட்கும். கோயிலால் வந்து எல்லாரும் ஐஸ்கிறீம் கடைக்குள் போய் இருக்கையில் நான் தண்ணிப் போத்தலோடு பக்கத்தில் இருக்கிறேன். அப்பா தன் கிண்ணத்தை என் பக்கம் சாடையாகத் தள்ளிவிட்டு வேறு எங்கேயோ பார்ப்பார். அந்த மனுசன் எவ்வளவு தின்றாலும் சீனி 90க்கு மேலே போகாது, கடவுளுக்குக் கண் இல்லை.

நீரிழிவு நாள் கூட்டம் ஒன்றுக்கும் போனேன். நீ இருக்கிற ரொறன்ரோவில்தானாம் 1921இல் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தது, அடுத்த தை மாதம் 14 வயதுப் பெடியன் ஒருவனுக்கு அங்கேதான் முதல் ஊசி போட்டார்களாம், அந்தப் பான்டிங் பிறந்த நவம்பர் 14தானாம் நீரிழிவு நாள். எனக்குப் பெருமையாக இருந்தது, என்னவோ நீயே கண்டுபிடித்த மாதிரி. பேச்சு முடிய எல்லாருக்கும் கேக்கும் சீனி போட்ட தேத்தண்ணியும் தந்தார்கள்.

உனக்குப் பயத்தம் பணியாரம் சுட்டு வைத்திருக்கிறேன். பயறு வறுத்து, தேங்காய்ப்பூவைச் சிவக்க வறுத்து, மிளகு சீரகம் ஏலம் எல்லாம் பழைய கைதான். பாணிப் பதத்தை விரலால் தொட்டு இழுத்துப் பார்த்து, விரலைக் கழுவிவிட்டேன். கழுவினேன் தம்பி, நக்கவில்லை, சத்தியம். ருசி பார்த்தது அப்பா. அவர் எதைத் தின்றாலும் நல்லாயிருக்கு என்கிற ஆள், பிறகும் நிச்சயம் பண்ண வேண்டும் என்று திரும்பத் திரும்ப எடுத்தார். இனிப்புக் குறைந்திருந்தால் அவரோடு கதை.

அப்புறம் ஒன்று. எனக்கு இருந்தால் உனக்கும் வர வாய்ப்புக் கூட. அம்மம்மாவுக்கும் இருந்தது. நீ இருந்த இடத்தில் இருந்து வேலை செய்கிற ஆள், வீடியோவில் வண்டி வயிறும் தெரிகிறது. பணியாரத்தைப் பிரிக்க முதல் ஒருக்கால் போய் இரத்தம் குத்தி, நம்பரை எனக்கு அனுப்பு. நேரமில்லை, கார் இல்லை, பனி கொட்டுகிறது என்று சாட்டுச் சொல்லாதே. சாட்டுச் சொல்வதில் நான் உனக்கு மூத்தவள்.

அன்புடன்
அம்மா