அரசு உயர்நிலைப் பள்ளிகளின் பழைய பதிவேடுகளையும் நன்கொடைக் கல்வெட்டுகளையும் காக்க வேண்டி ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நூறாண்டு கண்ட அரசுப் பள்ளிகளுக்கு விழா எடுக்க அரசு முன்வந்திருப்பதை மனமார வரவேற்கிறேன். அந்த விழாக்களுக்கான மலர்களில் பள்ளி வரலாற்றை எழுத உட்காரும் ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் பெரும்பாலும் இரண்டு பக்கங்களைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். பள்ளி தொடங்கிய ஆண்டு, தரம் உயர்ந்த ஆண்டு, தலைமையாசிரியர் அறைச் சுவரில் தொங்கும் பெயர்ப் பலகை ஆகியவற்றோடு வரலாறு முடிந்துவிடுகிறது. சான்று கிடைக்கவில்லை என்கிறார்கள். சான்றுகள் அந்தந்தப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே இருந்தன; பல பள்ளிகளில் இன்றும் இருக்கின்றன. கரையானும் பழைய பேப்பர் கடையும் இடிப்பு ஒப்பந்ததாரரும் அவற்றைக் கொண்டுபோவதற்கு முன்பு காப்பாற்றத் துறை ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் மாணவர் சேர்க்கை நீக்கப் பதிவேட்டைச் சொல்ல வேண்டும். அது நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்பது ஒவ்வொரு பதிவறை எழுத்தருக்கும் தெரியும். ஆனால் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டோ, உண்மைத்தன்மைச் சான்று கேட்டோ யாராவது வந்தால் ஒழிய அதை எவரும் திறப்பதில்லை. நான் படித்த பள்ளியின் பழைய பதிவேடு ஒன்றை அலுவலக அனுமதியோடு ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். துணி ஒட்டிய கனத்த அட்டைக்குள், பழுப்பேறிய அகலமான தாள்களில், முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்தில் வரிசை எண், மாணவர் பெயர், தகப்பனார் பெயர், தொழில், ஊர், சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருந்தது. தொழில் பத்தியில் தொடக்கப் பக்கங்களில் கணக்குப்பிள்ளை, மிராசுதார், வியாபாரம் என்றே வருகிறது; பக்கங்கள் புரளப் புரளத்தான் நெசவும் கூலி வேலையும் தலைகாட்டுகின்றன. காரணப் பத்தியில் அடிக்கடி ‘லாங் ஆப்சென்ஸ்’, அதாவது நெடுநாள் வராமை, என்று எழுதியிருக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே போனது, எந்த வயலுக்கு, எந்தத் தறிக்கு, எந்தக் கல்யாணத்துக்கு என்பதை ஊரில் மிச்சமிருக்கும் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஓர் ஊரில் முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தாள், சேரியிலிருந்து முதல் பிள்ளை எந்த வகுப்பில் சேர்ந்து எந்த வகுப்பு வரை தாக்குப்பிடித்தது என்பவற்றை அந்த ஊரின் வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. 1960களில் பள்ளி இறுதி வரை பள்ளிக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்று ஆன பிறகு யார் யாருடைய பிள்ளைகள் புதிதாக உள்ளே வந்தார்கள், 1984இல் சத்துணவுத் திட்டம் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விரிந்த பிறகு எத்தனை பேர் இடையில் நிற்காமல் பத்தாம் வகுப்பைத் தொட்டார்கள் என்பவற்றை மாநிலப் புள்ளிவிவரங்கள் மொத்தமாகத்தான் காட்டும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பெயர் சொல்லிக் காட்டுவது இந்த ஏடுகள் மட்டுமே.

நம் பள்ளிகளில் பல, ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்ட உள்ளாட்சி அமைப்புகளின் காலத்தில் தொடங்கியவை. போர்டுகள் கலைக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றே அவற்றை ஊர் அழைத்து வந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி வரும் வரை ஆறாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., முடித்து வெளியேறுவதுதான் வழக்கம். அதற்குப் பின் நடுநிலைப் பள்ளி உயர்நிலையாகவும் உயர்நிலை மேல்நிலையாகவும் தரம் உயர வேண்டுமானால் ஊர்மக்கள் இடம் காட்டிப் பங்குத் தொகையும் கட்ட வேண்டியிருந்தது. உயர்நிலைக்கு ஒரு லட்சம் ரூபாய், மேல்நிலைக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று அந்தத் தொகையைத் திரட்டக் கிராமங்கள் பட்ட பாடு சிறிதன்று. வரி போட்டு வசூலித்த ஊர் உண்டு, கோயில் பொதுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஊரும் உண்டு. அரசுப் பள்ளி என்றாலும் அதன் நிலத்திலும் சுவரிலும் ஊரார் காசு கலந்திருக்கிறது.

அந்தக் காசுக்கு இருக்கும் சாட்சி, கட்டடத்தில் பதித்த கல்வெட்டுகள். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் நிலமும் பணமும் மேசை, நாற்காலிகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போதும் அதற்குப் பின்னரும் எழுந்த வகுப்பறைகளின் வாசல் நிலைக்கு மேலே கொடுத்தவர் பெயரும், பெரும்பாலும் யார் நினைவாகக் கொடுத்தாரோ அவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். சில கற்களில் பத்து ரூபாய் தந்தவரின் பெயர் வரை இருக்கிறது. பெரிய மனிதர்களின் சிலைகளை விட இந்தப் பெயர்கள்தான் என் மதிப்பில் உயர்ந்தவை.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அது செய்தே ஆக வேண்டிய வேலை. பிள்ளைகளின் உயிரைவிட எந்தக் கல்லும் பெரிதில்லை. ஆனால் ஓட்டுக் கட்டடத்தோடு கல்வெட்டும் ஜல்லியாகப் போக வேண்டிய அவசியம் என்ன? நான் அறிந்த ஒரு பள்ளியில் 1950களில் நிலம் கொடுத்த குடும்பத்தின் பெயர் தாங்கிய கல், இடித்த மறுநாள் லாரியில் ஏறிப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் நான்காம் தலைமுறைப் பெண் அதே பள்ளியில் இன்று படிக்கிறாள். தன் கொள்ளுத்தாத்தா கொடுத்த இடம் அது என்று காட்ட அவளுக்கு இப்போது எதுவும் இல்லை. நிலத்தைக் கொடுத்தது எவர், எந்தப் பத்திரத்தின்படி கொடுத்தார் என்ற விவரம் மறைந்துபோன பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில்தான் ஆக்கிரமிப்பு முதலில் நுழைகிறது என்பதையும் துறை கவனிக்க வேண்டும்.

ஆகவே கட்டட இடிப்புக்கான மதிப்பீட்டிலேயே கல்வெட்டைப் பெயர்த்தெடுத்துப் பள்ளிச் சுற்றுச்சுவரில் பதிக்கும் வேலையைச் சேர்த்து, அது முடிந்ததற்கான ஒளிப்படம் இருந்தால்தான் ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்குவது என்று ஆணையிடுமாறு வேண்டுகிறேன். 1970க்கு முற்பட்ட சேர்க்கைப் பதிவேடுகள் எந்தெந்தப் பள்ளிகளில், எந்த நிலையில் உள்ளன என்பதை பள்ளி விவரங்களைத் துறை திரட்டும் எமிஸ் இணையதளம் வழியாகவே தலைமையாசிரியர்களிடம் கேட்டுப் பெறலாம். மிக நலிந்தவற்றை மின்னுருவாக்கும் அனுபவமும் கருவிகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் இருக்கின்றன. பழந்தாள்களைப் பேணும் முறை தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத் தெரியும். மூல ஏட்டை மட்டும் சென்னைக்குக் கொண்டுபோய்விட வேண்டாம். அது அந்தந்தப் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

மின்னுருவாக்கிய ஏடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிடவும் கூடாது. அவற்றில் சாதியும் வறுமையும் தேர்வுத் தோல்வியும் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. இன்று உயிரோடு இருக்கும் ஒருவரையோ அவர் பேரப்பிள்ளைகளையோ சிறுமைப்படுத்த யாரும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. தனிநபர் விவரங்களை மறைத்த படியை ஆய்வாளர்களுக்கும் பள்ளி வரலாறு எழுதுவோருக்கும் தரலாம். தன் பக்கத்தைத் தானே பார்க்க விரும்பும் முன்னாள் மாணவருக்கு அந்த ஒரு வரியின் நகலைத் தரலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். 2024இல் குழுக்கள் மறுசீரமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் தரப்பட்டது. முன்னாள் மாணவர் சந்திப்பு என்றாலே குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியும் திறன் தொலைக்காட்சியும் வாங்கித் தருவதோடு கடமை முடிந்தது என்று எண்ணாமல், எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பழைய மாணவர்களின் வீடுகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஊரே வந்து தங்கிய வகுப்பறைகள், வாக்குச்சாவடியான நாட்கள், ஆண்டு விழா நாடகங்கள், திடலில் மாலைதோறும் நடந்த கைப்பந்து ஆட்டம், பக்கத்து ஊரிலிருந்து ஆற்றைக் கடந்து வந்த பிள்ளைகள் என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவை அவர்களிடம்தான் இருக்கின்றன. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் குழுப் படங்களின் பின்புறத்தில் வரிசையாகப் பெயர்களை எழுதி வாங்குங்கள். படத்தில் இருப்பவர்களை அடையாளம் காட்டக் கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.

இதற்குப் பெரும் நிதி தேவைப்படாது. ஒரு சுற்றறிக்கை, பள்ளிக்கு ஒரு பூட்டுள்ள இரும்பு அலமாரி, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் ஆகியவை போதும். இந்தக் கோடை விடுமுறையில் அடுத்த சுற்று இடிப்புப் பணிகள் தொடங்கும் முன் அந்தச் சுற்றறிக்கை பள்ளிகளைச் சென்றடைய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவன்