நெடும்பயணம் கிளம்பும் நண்பனுக்கு

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி தணிந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். 14 மணி நேர விமானம், கிழக்கே 8 மணி நேர வித்தியாசம், அங்கே 10 நாள் தங்கல். இதில் உடற்பயிற்சி விட்டுப்போகுமே என்றுதான் கவலைப்பட்டிருக்கிறாய். அது கடைசிக் கவலையாக இருக்கட்டும். முதலில் தூக்கம், அடுத்து கால், அப்புறம் வயிறு.

தூக்கத்தில்தான் பலரும் சொதப்புகிறார்கள். இறங்கியதும் காலை வெயிலில் நட என்று உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். மூன்று, நான்கு மணி நேர வித்தியாசத்துக்கு அது சரி. உனக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். வழக்கமாக எழுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும். அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் உடலின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். கிழக்கே போகிற உனக்குக் கடிகாரம் முன்னுக்குத்தான் நகர வேண்டும். நீ 6 மணிக்கு எழுகிறவன், ஆகவே அந்தப் புள்ளி உனக்கு ஏறத்தாழ 4 மணி. அப்போது அங்கே பகல் 12. அதனால் முதல் நாள் 12 மணி வரை அறைக்குள் இரு, வெளியே போயே ஆகவேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள். 12லிருந்து 3 வரை நன்றாக வெளிச்சத்தில் நட. மறுநாள் 11க்கே கிளம்பலாம், இப்படித் தினமும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்து. பகலில் கண் சொருகினால் 20 நிமிடம் தூங்கு, அலாரம் வைக்காமல் படுக்காதே. மதியத்துக்கு மேல் காபி வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி காஃபீன் உள்ளே நிற்கும். திரும்பி வரும்போது இவ்வளவு பாடு இருக்காது. உடலின் இயல்பான நாள் 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் மேற்கே போவது அதற்குச் சுலபம்.

அடுத்து கால். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலின் இரத்தம் மேலேறுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் அது தேங்கும், சிலருக்கு உறையும். நடைபாதை ஓரத்து இருக்கையைக் கேட்டு வாங்கு, ஜன்னலோரம் கிடைத்தால் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டே எழாமல் இருந்துவிடுவாய். மணிக்கு ஒருமுறை குதிகாலை 30 தடவை தூக்கி இறக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நட. அழுத்தக் காலுறை வாங்குவதானால் முட்டிக்குக் கீழே நிற்கிற வகை, கணுக்காலில் 15 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம். அளவைச் செருப்பு எண்ணை வைத்து ஊகிக்காமல் கணுக்காலையும் கெண்டையையும் அளந்து எடு. கால் வீங்குவதற்கு முன், காலையிலேயே போட வேண்டும். மேல் விளிம்பு சுருண்டால் கயிறு கட்டியதுபோல் இறுக்கிவிடும், அடிக்கடி தடவிப் பார். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டை வலித்தால், அது ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து வந்தாலும், அன்றே மருத்துவரிடம் போ. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசர சிகிச்சைக்கே போய்விடு.

வயிற்றுக்கு ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்கின்போது தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் நான்கு எடுத்து வை. பொட்டலத்தில் 1 லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பொட்டலம், முழு லிட்டர். பாதியை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் கரைசல் கெட்டியாகி, குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். கலந்தது 24 மணி நேரத்துக்குத்தான். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தொடாதே. கைக்கு ஜெல் மட்டும் போதாது, சில வயிற்றுக் கிருமிகள் அதற்கு அசையா. சோப்பு போட்டு 20 நொடி தேய்க்க வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரையைக் கைப்பையில், அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் வை. நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடு.

இனி உன் பயிற்சி. 10 நாளில் தசை கரைந்துவிடாது. வாரம் இரண்டு தடவை, 20 நிமிடம். தண்டால், பின்னங்காலைக் கட்டிலில் வைத்து ஒற்றைக்கால் உட்கார்ந்தெழுதல், குனிந்து நின்று முதுகுப்பையை இடுப்புக்கு இழுத்தல். ஒவ்வொன்றும் இரண்டு சுற்று. பளு குறைவு என்பதால் இறங்கும்போது 3 நொடி எடுத்துக்கொள், இன்னும் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற நிலை வரும்வரை செய். முட்டி முணுமுணுத்தால் ஒற்றைக்கால் பயிற்சியை விட்டுவிட்டுப் படியேறு. இறங்கிய அன்று நடை மட்டும் போதும்.

விமானம் அங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று எழுது. நள்ளிரவானால் முதல் நாள் கணக்கைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
செழியன்