பரணில் போட்டு மறக்கிற பெட்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அவசரகாலப் பெட்டி பற்றி வந்த கட்டுரையில், “இவற்றை வாங்கிப் பரணில் வைத்துவிட்டால் போதும், பிறகு கவலையே இல்லை” என்று ஒரு வரி. எல்லாம் தெரிந்த நீங்கள் அதை எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்றுதான் எனக்கு ஆறவில்லை.

புயலில் மின்சாரம் போய், வாசல்படி வரை தண்ணீர் ஏறிய இரவு எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பரணிலிருந்து இறக்கியதுதான். பின்மூடி திருகவே வரவில்லை. இடுக்கியால் பிடித்துத் திறந்தால், பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், பவர்பேங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போட வேண்டும், மருந்துகளின் காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். இதில் ஒன்றையாவது உங்கள் கட்டுரை சொல்லியிருக்கக் கூடாதா?

தண்ணீருக்கு ‘இரண்டு பாட்டில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். குடிக்க, சமைக்க, கை கழுவ ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று நாளைக்கு 48 லிட்டர். டார்ச் இல்லாமல் ஓர் இரவை ஓட்டிவிடலாம், தண்ணீர் இல்லாமல் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெழுகுவத்தியை மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறீர்கள். திரைச்சீலையும் காற்றும் உள்ள வீட்டில் அது தீ விபத்துக்கு வழி.

என் அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். கட்டுரையில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. கரண்ட் போனாலும் பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். எங்கள் வீட்டில் ஆளாளுக்குத் திறந்து பார்த்ததால், கதவில் குறுக்கே டேப் ஒட்டித்தான் நிறுத்தினேன். ஐஸ் கட்டி மேல் மருந்தை நேராக வைத்தால் உறைந்து வீணாகிவிடும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

போன வருடம் ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டுவது போல ஒரு படம் போட்டீர்கள். அந்தப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று அப்போதே எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. வாசகர் கடிதத்துக்கு இருந்த முழுப்பக்கம் அரைப்பக்கமாகி, இப்போது கால் பக்கம் ஆகிவிட்டது. எங்கள் அனுபவத்துக்கு அங்கே இடமில்லை போலும்.

அப்புறம் அந்தச் செயலிகள். அவசரத்துக்கு நான்கு கைபேசிச் செயலிகளைச் சிபாரிசு செய்தவர், பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை நினைக்கவில்லை. மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் தன் பேட்டரி தீரும் வரைதான். எங்களுக்குச் செய்தி சொன்னது ரேடியோதான். முக்கியமான எண்களைத் தாளில் எழுதி, அடையாள அட்டை நகல்களோடு தண்ணீர் புகாத உறையில் போட்டு வையுங்கள் என்று எழுத இரண்டு வரி போதுமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு எத்தனை லிட்டர், எதை எப்போது சோதிக்க வேண்டும், ஜெனரேட்டர் எங்கே வைக்கக் கூடாது என்று அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். வயதானவர்கள் படிக்கும் அளவு எழுத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தில் தொடர்கதை வராமல் பார்த்துக்கொண்டால், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி