பாலினீசியப் பச்சை குத்துறத ஃபேஷன் பக்கத்துல போட்டது பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர் ஃபேஷன் பக்கத்துல பாலினீசியன் டாட்டூ (பசிபிக் கடல்ல சமோவா, தஹீத்தி, நியூசிலாந்து மாதிரி தீவுங்கள்ல இருக்குறவங்க குத்திக்கிற பச்சை) பத்தி வந்தத படிச்சேன். ஆமை போட்டா நீண்ட ஆயுசு, சுறாப் பல்லு போட்டா தைரியம்னு ஒரு லிஸ்ட், தோள்ல நல்லாருக்குமா கையில நல்லாருக்குமான்னு ரெண்டு ஐடியா, அவ்ளோதான் இருந்துச்சு. நான் நியூசிலாந்துல ஆக்லாந்துல பல வருஷமா இருக்கேன், இந்தப் பச்சைய உடம்புல வெச்சிருக்கவங்களோட தினமும் வேலை பாக்குறேன், மனசு கேக்காமத்தான் எழுதுறேன்.

டாட்டூங்கிற வார்த்தையே அந்தத் தீவுக்காரங்க குடுத்தது. தஹீத்தியிலயும் சமோவாவுலயும் 'டாடாவ்'னு சொல்றத 1769ல தஹீத்திக்குப் போன கேப்டன் குக் கப்பல்ல இருந்தவங்க எழுதி வெச்சாங்க, வார்த்தை அப்படியே உலகம் பூரா போயிடுச்சு, அதுக்குள்ள இருந்தது மட்டும் கூடப் போகல.

சமோவா ஆம்பளைங்க போட்டுக்குறதுக்கு 'பெஅ'ன்னு பேரு, இடுப்புல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் இடமே விடாம வரும். பழந்தின்னி வௌவாலுக்கும் அவங்க பாஷையில அதே பேருதான். முதல்ல முதுகுல ஒரு படகு, கடைசியா தொப்புள்கிட்ட ஒரு சின்ன அடையாளம், நடுவுல எது எங்க வரணும்னு ஒரு ஒழுங்கு இருக்கு, நமக்குப் புடிச்சத பொறுக்கி எடுக்குற கதையே கிடையாது. குத்துறவர 'துஃபுங்கா'ன்னு சொல்றாங்க, அது சில குடும்பங்கள்ல பரம்பரையா வர்ற வேலை. பன்னித் தந்தத்துல சீப்பு மாதிரி செஞ்சு, ஆமை ஓட்டுல கட்டி, குச்சியால தட்டித் தட்டி இறக்குவாங்க (இப்ப சுத்தம் கருதி ஸ்டீலும் வந்துடுச்சு), ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்து தோல இழுத்துப் புடிச்சிருப்பாங்க. நாள்கணக்குல, சிலருக்கு வாரக்கணக்குல நடக்கும். பழைய முறைப்படி ஒருத்தர் தனியா போட்டுக்க மாட்டாங்க, ஜோடியா இன்னொருத்தரும் போட்டுக்கணும். குடும்பமே கூட உக்காந்து பாட்டுப் பாடும், துஃபுங்காவுக்கு மரியாதையா மெல்லிசா பின்னின பாய்ங்களையும் பணத்தையும் குடும்பமே சேர்ந்து குடுக்கும். பாதியில எழுந்து போயிட்டா அது 'பெஅ முட்டு', அதாவது முடிக்காத பெஅ, அந்த அவமானம் அவரோட நிக்காது, வீட்டுக்கே வரும்.

எங்க வேலை இடத்துல இருக்குற சமோவாக்காரர் ஒருத்தர்கிட்ட இவ்ளோ வலிய ஏன் தாங்குனீங்கன்னு கேட்டேன். இனிமே பெரியவங்க கூடுற எடத்துல நான் நின்னு பரிமாறலாம், அதுக்குத்தான்னாரு. எனக்கு அது புரியவே கொஞ்ச நாள் ஆச்சு. அவங்க ஊர்ல அதிகாரத்துக்குப் போற வழியே சேவைதான்னு ஒரு பழமொழி இருக்கு, பச்சை குத்திக்கிறதும் அந்த வழியில ஒரு படி. பொம்பளைங்களுக்கு தொடையில இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் மெல்லிசா வர்றது 'மாலு', அந்த வார்த்தைக்கே காப்பு, பாதுகாப்புன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம், உங்க கட்டுரையில மோவாயில கோடு போட்ட ஒரு அம்மா படத்த போட்டு சமோவா டாட்டூன்னு எழுதியிருந்தீங்க. அது நியூசிலாந்தோட பூர்வகுடிகளான மாவோரி ஆளுங்களோட 'மோகோ கவாய்', பொம்பளைங்க மோவாயில போட்டுக்குற மோகோ. மோகோங்கிறது ஒருத்தரோட வம்சம், எந்தக் குலம், என்ன தகுதின்னு எல்லாம் முகத்துல எழுதி வெக்கிறது. 1840ல பிரிட்டிஷ்காரங்களோட போட்ட வைட்டாங்கி ஒப்பந்தத்துல சில மாவோரி தலைவருங்க கையெழுத்துக்குப் பதிலா அவங்க மோகோ கோட்டத்தான் வரைஞ்சு குடுத்தாங்க. அப்பேர்ப்பட்ட முகங்கள, செத்தவங்க தலைய பதப்படுத்தினத, வெள்ளைக்காரங்க துப்பாக்கி குடுத்து வாங்கிட்டுப் போய் மியூசியத்துல வெச்சாங்க. அந்த வியாபாரத்த 1831ல சிட்னியில தடை பண்ணாங்க, ஆனா போனது போனதுதான். 2012ல பிரான்ஸ் 20 தலைய திருப்பிக் குடுத்துச்சு, இன்னும் வெவ்வேற நாட்டுல இருந்து கொண்டு வந்துட்டேதான் இருக்காங்க. இதத் தெரிஞ்சுக்கிட்ட அப்புறம் மோகோவ 'கூல் டிசைன்'னு என்னால படிக்க முடியல. 2013ல நைக்கி கம்பெனி பெஅ டிசைன பொம்பளைங்க டைட்ஸ்ல போட்டு வித்தப்ப பசிபிக் மக்கள் கொந்தளிச்சு, அவங்க அத வாபஸ் வாங்கினாங்க. அந்தக் கோபம் நியாயம்னுதான் நான் சொல்லுவேன்.

வெளியாளுங்க ஆசப்படவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. மாவோரி கலைஞருங்களே வெளியாளுங்களுக்குன்னு வம்சக் கதை இல்லாம, அந்த ஸ்டைல்ல மட்டும் வரைஞ்சு குடுக்குறாங்க, அதுக்கு 'கிரிதுஹி'ன்னு தனிப் பேரே இருக்கு. அவங்ககிட்ட போய்க் கேட்டுப் போட்டுக்கலாம். நெட்ல இருந்து யாரோ ஒருத்தரோட குடும்பத்த டவுன்லோட் பண்ணிப் போட்டுக்குறதுதான் தப்பு.

அந்த அம்மா படத்துக்குக் கீழ இருக்குற வரிய மட்டுமாவது அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்க, 'மாவோரி, மோகோ கவாய், நியூசிலாந்து'ன்னு. அந்த ஆமை, சுறாப் பல்லு லிஸ்ட இணையப் பதிப்புல இருந்து எடுத்துட்டீங்கன்னா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஆக்லாந்துல இருந்து உங்க வாசகர்