வீட்டுப் பட்டறையில் முதலில் ஓவன், பிறகுதான் பிளாஸ்மா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, பிளாஸ்மா கட்டிங்கையும் (மின்பொறியில் சூடேறிய காற்றால் தகடு வெட்டுவது) பவுடர் கோட்டிங்கையும் (வண்ணப் பொடியை மின்னூட்டி இரும்பில் ஒட்டவைத்து ஓவனில் சுட்டுப் பூச்சாக்குவது) சேர்த்துத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலை விசாரிப்பது கணினி வழி வெட்டும் சிஎன்சி பிளாஸ்மா டேபிளுக்கு. அந்த வரிசை தலைகீழ், முதலில் வேண்டியது கோட்டிங் ஓவன் என்று சொல்லவே இக்கடிதம்.

கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கமெல்லாம் ஃபைபர் லேசரில் கூலிக்கு வெட்டித்தரும் ஜாப் ஒர்க் கிடைக்கிறது. 6 மி.மீ. வரையுள்ள தகட்டில் லேசரின் சுத்தத்தையும் வேகத்தையும் 40 ஆம்பியர் ஏர் பிளாஸ்மா எட்ட முடியாது. கேட்டுக்கான ஜாலி டிசைனை வெளியே வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கிரில் பட்டறைக்காரர் அலைவது ஒழுங்கான பூச்சுக்குத்தான். எனவே முதல் ஆண்டு கோட்டிங் மட்டும் போதும். தூணடியில் வைக்கும் பேஸ் பிளேட், மூட்டை இறுக்கும் கசெட் தகடு என்று 8 மி.மீ.க்கு மேல் தொடர்ந்து கேட்கும் வாடிக்கையாளர் அமைந்த பிறகு பிளாஸ்மாவை யோசிக்கலாம்.

இடத்துக்கு அடுத்த கட்டுப்பாடு மின்சாரம். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக்கூடாது; தனி இணைப்பு வாங்க வேண்டும். 12 கிலோவாட் வரை குறுந்தொழிலுக்கான மின்வாரியத்தின் 3ஏ1 கட்டணம். அதற்குள் அடங்க வேண்டுமானால் கணக்கு இறுக்கமானது: 5 எச்பி கம்ப்ரசர் 3.7 கிலோவாட், பின்னால் வரப்போகும் 40 ஆம்பியர் பிளாஸ்மா சுமார் 5, ஓவன் பிளோயர், கிரைண்டர், விளக்கு எல்லாம் சேர்த்து இன்னும் 2. மின்சார ஓவனுக்கு இடமே இல்லை. ஆகவே எல்பிஜி பர்னர் ஓவன்தான் பொருந்தும். 19 கிலோ வணிக சிலிண்டர் மட்டும் பயன்படுத்த வேண்டும். சமையல் சிலிண்டரை இங்கே கொண்டுவருவது குற்றம். தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் அமைப்பு இல்லாத பர்னரை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பற்றவைக்கும் முன் பிளோயரைச் சில நிமிடம் ஓடவிட்டு உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்றுங்கள்.

பவுடர் கோட்டிங் உரிந்து வந்தால் பழி பவுடர் மேல் விழுகிறது. பெரும்பாலும் காரணம் கழுவியதில்தான் இருக்கும். பெரிய ஆலைகளில் எண்ணெய் நீக்கம், துரு நீக்கம், பாஸ்பேட்டிங் (பூச்சு பிடிக்க ரசாயனப் படலம் ஏற்றுவது), இடையிடையே தண்ணீர் என ஏழு தொட்டிகள் வரை வரிசையாக நிற்கும். வீட்டில் அதைச் செய்யக்கூடாது. அமிலத் துருநீக்கத்தையும் பாஸ்பேட்டிங்கையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 வகைப்பாடு அதிகம் மாசுபடுத்தும் தொழில்களுக்கான சிவப்புப் பட்டியலில் வைத்தது. அந்தக் கழிவுநீர் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறங்கினால் தொழிலும் போகும், உறவும் போகும். மாற்று வழி உலர் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை வீசித் துருவை உரிப்பது. ஆற்று மணல் வேண்டாம், சிலிக்கா தூசி நுரையீரலை அரித்துவிடும். கார்னெட் கல்துகள் அல்லது ஸ்டீல் கிரிட் (எஃகுத் துகள்) போடுங்கள். 3 மி.மீ. துளையுள்ள பிளாஸ்டிங் நாசில் ஒன்றே 5 எச்பி கம்ப்ரசரின் காற்று முழுவதையும் குடித்துவிடும். 6 மி.மீ. வைத்தால் நான்கு மடங்கு காற்று வேண்டும். எனவே சிறு பாகங்களுக்கு மட்டும் மூடிய பெட்டி போன்ற பிளாஸ்டிங் கேபினெட் வைத்துக்கொண்டு, கேட் போன்றவற்றைப் பிளாஸ்டிங் யார்டுக்கு அனுப்பி வாங்குவது சரி.

எண்ணெயை பிளாஸ்டிங்குக்கு முன்பே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிரிட் அதை இரும்புக்குள் அடித்து ஏற்றிவிடும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை வெறுங்கையால் தொடாதீர்கள். அன்றே, மழைக்காலமானால் ஓரிரு மணி நேரத்துக்குள், பவுடர் அடித்துவிட வேண்டும். மூடிய பைப்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் 6 மி.மீ. துளை போடுங்கள்; இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரமும் காற்றும் ஓவனில் வெளிவந்து பூச்சைக் கொப்பளிக்க வைக்கும். ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப்பில் ஊசித்துளை விழுவதும் இதுபோன்றதுதான். அதை வெறுமையாகவே ஒருமுறை, பூச்சு வேகும் வெப்பத்தைவிடச் சற்று அதிகமாகச் சூடேற்றி ஆறவிட்ட பிறகு அடித்தால் பெருமளவு குறையும்.

வெயிலில் நிற்கும் கேட்டுக்குப் பியூர் பாலியெஸ்டர் பவுடர். எபாக்சி வகைப் பவுடர் ஒட்டுவதில் கெட்டி, ஆனால் வெயிலில் சாம்பல் பூத்துவிடும். பவுடர் ஒட்டவில்லையென்றால் பவுடர் அடிக்கும் கன்னைக் குறை சொல்லும் முன் பொருளைத் தொங்கவிடும் ஹூக்கைப் பாருங்கள்: பழைய பூச்சு படிந்த ஹூக் எர்த்தை மறித்துவிடும். பொருளுக்கும் எர்த்துக்கும் இடையே மெகரில் (மின்தடை அளக்கும் கருவி) 1 மெகாஓமுக்குள் இருக்க வேண்டும். கிரில்லின் உள்மூலைகளில் பவுடர் இறங்காது. மின்புலம் வெளி விளிம்புகளிலேயே தங்கிவிடுவதால் அப்படி. கன்னின் 80 கிலோவோல்ட்டை 40, 50க்குக் குறைத்து, காற்றையும் தணித்து, மூலைகளை முதலில் அடியுங்கள். தேவையான தடிமன் 60 முதல் 80 மைக்ரான். தடிமன் மீட்டர் வாங்காமல் தொழில் தொடங்குவது தராசில்லாத மளிகைக் கடை.

பவுடர் பெட்டியில் 180 டிகிரி, 20 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் அது இரும்பின் வெப்பம், ஓவன் காற்றின் வெப்பம் அல்ல. மெல்லிய பைப் சீக்கிரம் சூடேறும், 10 மி.மீ. பிளேட்டுக்கு அரை மணிக்கு மேலும் பிடிக்கும். பொருளின் மேலேயே தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) வைத்துப் பார்த்து, அது 180ஐத் தொட்ட பிறகு நிமிடத்தை எண்ணுங்கள். ஆறியதும் எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் பூச்சு இளகக்கூடாது. இளகினால் வேகவில்லை. பைக் அலாய் வீலுக்கு 200 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், உலோகத்தின் வலு குறையும். பைக் ஃபிரேமில் சேஸிஸ் எண் பொறித்த இடத்தை வெப்பம் தாங்கும் டேப்பால் மறைக்க மறந்தால் ஆர்டிஓவில் வாடிக்கையாளர் படும் பாடு உங்களைத் தேடி வரும்.

பிளாஸ்மா வாங்கும் காலம் வந்தால் முதல் செலவு ஏர் டிரையருக்கு. டார்ச் முனையிலுள்ள எலக்ட்ரோடும் நாசிலும் சீக்கிரம் தேய்வதற்குக் காற்றில் வரும் ஈரமே முக்கியக் காரணம். ஆயுளை மணிக்கணக்கில் பார்க்காமல் எத்தனை முறை துளைத்தோம் என்று எண்ணுங்கள். துளைக்கும் போது டார்ச்சை வெட்டும் உயரத்தைவிட இரு மடங்கு மேலே நிறுத்தினால் தெறிப்பு நாசிலில் ஏறாது. சிஎன்சியில் உயர் அதிர்வெண்ணில் பற்றவைக்கும் ஹெச்எஃப் ஸ்டார்ட் மெஷின் வேண்டாம், அதன் அலை கன்ட்ரோலரைக் குழப்பும்; டார்ச்சுக்குள்ளேயே தொடுகையில் பைலட் ஆர்க் (தொடக்கப் பொறி) பற்றும் வகை நல்லது. அடியில் தண்ணீர் நிரப்பிய டேபிளில் அலுமினியம் வெட்டாதீர்கள், அங்கே ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்கக்கூடும்.

இரண்டு தொழிலும் சந்திக்கும் இடம் வெட்டு விளிம்பு. கூர் விளிம்பில் உருகிய பவுடர் விலகி மெலிந்துவிடும். வெட்டில் பதிந்த கருந்தோலும் அடியில் ஒட்டிய கசடும் பூச்சோடு சேர்ந்து உரியும். கேட்டில் முதல் துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு விளிம்பையும் கிரைண்டர் வைத்து உருட்டிவிட்ட பிறகே பவுடர். இந்த உழைப்பைக் கூலியில் சேர்க்காதவர்கள் பலர்.

அரசு ஊழியர்கள் பணியில் இருக்கும்போது இதைத் தொடங்கும் முன் நடத்தை விதிகளைப் படிக்க வேண்டும். முன் அனுமதியின்றித் தொழில் செய்ய மத்திய அரசின் 1964 விதிகளும் தமிழக அரசின் 1973 விதிகளும் இடம் தருவதில்லை. மனைவி பெயரில் என்றாலும் மத்திய விதிப்படி துறைக்குத் தெரிவிக்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகர் தேவையில்லை. ஜாப் ஒர்க் சேவையாகக் கருதப்படுவதால் ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். தொழில் தொடங்க மத்திய அரசு தரும் பிஎம்இஜிபி மானியத்துக்கு வயது உச்சவரம்பு கிடையாது, ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டுமே. மெஷினை இறக்கி ஓட்டிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது.

கடைசியாக விலை. 70 மைக்ரானில் ஒரு கிலோ பவுடர் ஏட்டுக்கணக்கில் 100 சதுர அடி போகும். பல நிறம் அடிக்கும் சிறு பட்டறையில் சிந்தியதை மறுபடி எடுக்க முடியாததால் தட்டையான தகட்டிலேயே 50, 60தான் தேறும். கிரில்லில் இன்னும் குறையும். சதுர அடி விலையை அந்தக் குறைந்த எண்ணிலிருந்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்