கடிகாரம் போதும், கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள் தாருங்கள்

குமரி மாவட்டத்து அலுவலகத் தலைவர்களுக்கும், பணிநிறைவுப் பாராட்டு விழா நடத்தும் ஊழியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நாகர்கோவிலில் நடந்த ஓய்வூதிய வழிகாட்டுக் கூட்டத்துக்கு என்னையும் வாழ்த்துரை வழங்க அழைத்திருந்தீர்கள். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த 12 மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். துணையோடு எடுக்கும் கூட்டுப் புகைப்படம் எத்தனை பிரதி, வாரிசு நியமனத்தை எப்படி நிரப்புவது, ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டால் 15 ஆண்டு கழித்து அது எப்படித் திரும்பும் என்றெல்லாம் நன்றாகவே விளக்கினீர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசவடையும் டீயும்கூட நேரத்துக்கு வந்தன.

முடிகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். “ஒன்னாம் தேதி காலையில எழும்பி என்ன செய்யணும் சார்?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர், “போர்வையை இழுத்து மூடிக்கிட்டு நல்லாட்டு ஒறங்கும்” என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. கேட்டவர் சிரிக்கவில்லை. படிவங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்துப் பேசிய நானும் அவர் கேள்வியைத் தொடாமல் “பல்லாண்டு வாழ்க” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போதே, ஓய்வு பெறப்போகிறவரோடும் வீட்டில் அவருடைய துணையோடும் உட்கார்ந்து பேச, பயிற்சி பெற்ற ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். மூன்று, நான்கு முறை போதும். படிவத்தைப் பற்றிப் பேச வேண்டாம், ஆளைப் பற்றிப் பேசட்டும்.

இதற்கு வெளியே ‘கோச்சிங்’ என்று பெயர். நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் நீட்டும் டிஎன்பிஎஸ்சியும் வங்கித் தேர்வும்தான் நினைவுக்கு வரும். வேலைக்குள் நுழைய நாகர்கோவிலில் தெருவுக்குத் தெரு கோச்சிங் போர்டு தொங்குகிறது. வேலையிலிருந்து வெளியே வர ஒரு போர்டும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். சார் என்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் பச்சையாக இருக்கும் மனிதர். அவருக்கு நீங்கள் நடத்திய விழா நினைவிருக்கும். ஆளுயர மாலை, ஒன்பது பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம். பேசியவர்களில் நான்கு பேராவது “ஓய்வு பதவிக்குத்தான், உழைப்புக்கு அல்ல” என்றார்கள். அப்புறம் காரில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கி, சரவெடி கொளுத்திவிட்டு, எல்லாரும் திரும்பிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்துக் கோட்டாறில் சாமான் வாங்கிவிட்டு வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். மார்த்தாண்டம் பஸ் நிற்கிற பக்கத்தில் சார் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, பையில் பச்சைப் பேனா, மடியில் எவர்சில்வர் டிபன். மணி ஒன்றேகால், எங்கள் அலுவலகத்தில் அவர் சாப்பிடுகிற நேரம். கைக்குட்டையை விரித்து அதன்மேல் டிபனை வைத்து, சம்பாச் சோற்றையும் மீன்கறியையும் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடியைப் போட்டார். “ஒரு ஆளைப் பாக்க வந்தேன் மேடம்” என்றார். நானும் நம்பினேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே இடம், அதே நேரம். மூன்றாவது முறை பார்த்தபோது, நான் கேட்காமலே சொன்னார்: “வீட்டுல நின்னா அவளுக்கு எடஞ்சலாட்டு இருக்கு மேடம். நான் எங்க நின்னாலும் அங்கதான் அவளுக்குத் தூத்துப் பெருக்க வேண்டியிருக்கு.”

தணிக்கை வேலைக்காகத் தன்னைத் தற்காலிகமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். காலையில் வழக்கமான பஸ், மாலையில் வழக்கமான பஸ். நடுவில் எட்டு மணி நேரம் சிமெண்டுத் திண்டு. பிறகு ஒருநாள் அவருடைய மனைவியைச் சந்தித்தேன். எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். அவர்களே சொன்னார்கள்: “நாலாம் நாளே எனக்குத் தெரியும் அக்கா. கேட்டா அதுக்கப்புறம் அவியளுக்குப் போக எடமில்லாம ஆயிடும்லா. அதனால சோறு கட்டிக் குடுத்துட்டு இருக்கேன்.”

இந்த மடலில் இதை எழுதச் சொன்னவர்களும் அவர்கள்தான். சாருக்கும் சம்மதம்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து, ஒரு வீட்டுக்குள் மூன்று மாதம் நாடகம் ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்குள் சண்டை இல்லை, குடி இல்லை, கடன் இல்லை. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. உங்கள் கோப்புப்படி எல்லாம் சரி. முடிந்துபோன கோப்பு அது. ஓராண்டு முன்பே ஒருவர் அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, “பகல் பதினொரு மணிக்கு இந்த வீட்டில் யார் எங்கே இருப்பீர்கள்?” என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். ஓய்வுக்கான கோச்சிங் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கேள்விகள்தான். அலுவலகத்துக்கு வெளியே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? பதவியின் பெயரைச் சொல்லாமல் உங்களை யாரிடமாவது அறிமுகம் செய்துகொள்ளுங்கள் பார்ப்போம். கடைசியாக எப்போது ஒரு சாதாரண புதன்கிழமையை வீட்டில் கழித்தீர்கள்? இப்படிக் கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. புத்திமதி சொல்ல நம்மூரில் ஆள் பஞ்சமே இல்லை. நடைப்பயிற்சி போ, தோட்டம் போடு, கோவிலுக்குப் போ, சர்ச்சுக்குப் போ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் இல்லை.

அந்தப் புதன்கிழமைக் கேள்வியை ஏன் சொன்னேன் என்றால், அதில் உங்கள் கணக்கும் இருக்கிறது. ஈட்டிய விடுப்பை 240 நாள் வரை சேர்த்து வைத்தால் ஓய்வில் காசாகக் கிடைக்கும். அதனால் கடைசிச் சில ஆண்டுகளில் யாரும் விடுப்பைத் தொடுவதில்லை. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆக, பணி தொடங்கிய நாள் முதல் ஒரு முழு மாதம் வீட்டில் இருந்தறியாத ஒரு மனிதரை, ஒரே இரவில் மீதி வாழ்நாள் முழுக்க வீட்டில் இருக்க அனுப்புகிறோம். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு பத்துப் பதினைந்து நாள் விடுப்பெடுத்து ‘இருந்து பார்க்க’ச் சொல்லுங்கள். புது வண்டி வாங்குவதற்குக்கூட ஓட்டிப் பார்க்கிறோமே.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஓய்வு என்பது ஒருநாள் நிகழ்ச்சி அல்ல, படிப்படியாக நடப்பது என்று ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களிலேயே எழுதிவிட்டார். முதலில் தேனிலவு மாதிரி சில நாள், பிறகு ஒரு சரிவு, அப்புறம் மெல்ல ஒரு புது ஒழுங்கு. எல்லாருக்கும் இதே வரிசையில் வரும் என்றில்லை, சாருக்குத் தேனிலவே வரவில்லை. ஆனால் சரிவு வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் அது வரும்போது தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைக்க மாட்டான். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியர் நலத் துறை ஓய்வுக்கு முந்தைய ஆலோசனைப் பட்டறைகள் நடத்துகிறது. படைவீரர்களுக்கு, சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே, மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தில் தனி இயக்ககமே இருக்கிறது. நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் இல்லாத ஊர் உண்டா? அவர்களிடம் கேளுங்கள். அந்தப் பட்டறைகளிலும் படிவப் பேச்சுத்தான் அதிகம் என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும், அதைவிட நன்றாக நாம் செய்வோம்.

என் கதையையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் 2020 மே 31-இல் ஓய்வு. அந்த மாதம்தான் மாநில அரசில் ஓய்வு வயது 58-ஐ 59 ஆக்கினார்கள். மேசை இழுப்பறையைக் காலி செய்திருந்தேன், திரும்ப அடுக்கினேன். 2021 பிப்ரவரியில் 60 என்றார்கள். இன்னொரு முறை அடுக்கினேன். இரண்டு முறை ஒத்திகை பார்த்தவள் நான். இருந்தும் 2022 ஜூன் முதல் தேதி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவும் நேரம் தரவில்லை. “அம்மா இனி சும்மாதானே” என்று பேரனை மடியில் வைத்தார்கள். அந்த வாரமே பாத்திரம் கழுவ வந்த பெண்ணையும் நிறுத்திவிட்டார்கள். பேரன் மேல் உயிரைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லையே! ஆண்களுக்கு ஓய்வில் வேலை போகிறது. எங்களுக்கு ஒரு வேலை போய் மூன்று வேலை வருகிறது, சம்பளம் மட்டும் பாதி. எனக்கு முன்பே ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் ஆறு மாதம் மளிகைக் கணக்கைத் தணிக்கை செய்தார். மல்லிப்பொடி டப்பாவில் திறந்த தேதியை எழுதி ஒட்டினார். அதனால்தான் சொல்கிறேன், துணையையும் சேர்த்து உட்கார வையுங்கள்.

நம் மாவட்டத்தில் இது இன்னும் கொஞ்சம் கூடுதல். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில் வீடு மூன்று மாடி, உள்ளே ஆள் இரண்டு. அறுபது தாண்டிய ஒருவர் காசு கொடுக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் அரை நாள் உட்கார இங்கே எங்கே இடம் இருக்கிறது? பஸ் ஸ்டாண்ட்தான். படித்துறை இருந்தது, குளத்தில் இப்போது தண்ணீர் இல்லை. ஊர் நூலகத்தில் இருக்கிற நாலு நாற்காலியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களை எழுப்ப மனம் வராது. மொத்தப் பணம் கையில் வந்ததும் தேடி வருகிற சீட்டு நடத்துகிறவர்களும் தூரத்து உறவினர்களும் மட்டும் எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முகவரியை அவர்களிடம் யார் தருகிறார்களோ, தெரியவில்லை. அப்புறம் அந்தப் பொன்னாடை. உடுத்த முடியாது, துவட்ட முடியாது, இன்னொருவருக்குப் போர்த்தலாம். என்னிடம் பதினொன்று இருக்கிறது. இந்த மாவட்டத்தில் மொத்தம் நூறு பொன்னாடைகள்தான் உண்டு, அவைதான் வீடு வீடாகச் சுற்றுகின்றன என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

இது மாதச் சம்பளக்காரர்களின் சொகுசுக் கவலை என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். விடியும் முன் எழுந்து ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் ஓய்வு வயதே இல்லை என்பீர்கள். உண்மைதான். அவர்களுக்கு வேண்டியது முதலில் வருமானம், அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும், போடுவோம். அதைக் காட்டி இதைத் தள்ளிவைக்காதீர்கள்.

செலவைச் சொல்லாதீர்கள். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்களில் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த இருபது பேரைத் தேர்ந்தெடுத்து முறையாகப் பயிற்சி கொடுங்கள். தாலுகாவுக்கு மூன்று பேர் வந்துவிடும். நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. கேட்டதை வெளியே சொல்லாத ஆட்களாக மட்டும் பாருங்கள். நம்மூரில் அதுதான் கஷ்டமான தகுதி.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்களின் பட்டியல் உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குங்கள். ஓராண்டு முன்பே, துணையோடு, தனியாக உட்கார்ந்து பேச ஓர் ஆள். முதல் பெயராக, போர்வையை இழுத்து மூடச் சொன்னீர்களே, அந்தப் பின்வரிசைக்காரரின் பெயரை எழுதுங்கள்.

இந்த மாதக் கடைசி விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. மாலைக்கும் கடிகாரத்துக்கும் என் பங்கு 200 ரூபாய் என்றார்கள், கொடுத்துவிட்டேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பணிநிறைவு பெற்ற கண்காணிப்பாளர் ஒருத்தி,
தக்கலை