பெரிய குண்டு, நீளக் குழல், பாதி முன்பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பிள்ளைகளுக்கான துப்பாக்கி சுடும் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே இருந்தது, ஒரு வரியைத் தவிர. குழல் நீளமாகவும் குண்டு பெரிதாகவும் இருந்தால் குறி தப்பாது என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பி எத்தனை அப்பாக்கள் கடைக்குக் கிளம்பினார்களோ தெரியவில்லை. நானும் அப்படிக் கிளம்பியவன்தான். அதுவும் பள்ளியில் இருபது வருடம் என்.சி.சி. பார்த்துக்கொண்டவன்.

நான்கு வருடங்களுக்கு முன் பேத்திக்குப் பதின்மூன்று வயது. காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள் வேண்டும் என்றாள். கடைக்காரர், “நாலரை எம்.எம். குழல் எல்லாம் திருவிழாவில் பலூன் சுடத்தான் சார், அஞ்சரை வாங்குங்க, பவர் இருக்கும்” என்றார். பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பயிற்சியாளரிடம் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். பத்து மீட்டர் போட்டியில் 4.5 மில்லிமீட்டர் தவிர வேறெதையும் வரிசையில் நிற்கவே விடமாட்டார்கள். அது போக, நம் நாட்டில் 4.5-ஐத் தாண்டிய குழல் என்றால் ஏர் ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

பெய்ஜிங்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் அந்தப் ‘பலூன் சுடுகிற’ நாலரை எம்.எம்.மில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதேதான். அந்தப் போட்டியின் இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். பேனாவால் வைத்த புள்ளி மாதிரி இருக்கும். பெல்லட், அதாவது ஏர் ரைபிளின் சின்னக் குண்டு, அதன் ஓரத்தைத் தொட்டாலே பத்து. இதில் பவருக்கு என்ன வேலை? காகிதத்தைத் துளைத்தால் போதாதா?

பெரிய ரைபிளிலும் இதே கதைதான். 300 மீட்டர் போட்டியில் 8 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு. ஆனாலும் அங்கே பலர் விரும்பி எடுப்பது 6 மில்லிமீட்டர். காரணம், தோளில் உதை குறைவு. அறுபது குண்டு சுட்ட பிறகும் தோள் தோளாக இருக்க வேண்டுமே.

இனி குழல். ஏர் ரைபிளைப் பார்த்தால் நீளமாகத்தான் தெரியும். உண்மையான பேரல் உள்ளே நாற்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். மீதி வெறும் உறை. குறிபார்க்க உதவும் முன் சைட்டைத் தள்ளி வைப்பதற்காக அந்த நீளம். முன் சைட்டுக்கும் கண்ணருகே இருக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி கூடினால், பார்வையில் நேரும் பிசகு சின்னதாகும். அந்த லாபம் கண்ணுக்கு, குண்டுக்கு இல்லை. குண்டைப் பொறுத்தவரை பேரல் குட்டையாக இருப்பதே நல்லது. ட்ரிகர் விழுந்த பிறகு பெல்லட் உள்ளே ஓடும் நேரத்தில் கை ஆடினால் குறியும் ஆடும். வெடிமருந்தில் சுடும் பாயின்ட் டூ-டூ (.22 அங்குல) ரைபிளிலும் மருந்து கொஞ்சம்தான். நாற்பது, நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்குள் அதன் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் நீளம் வைப்பது எடைக்கும் சைட்டுக்கும்தான்.

பேரலில் நீளத்தைவிட அதன் வாயைப் பாருங்கள். என்.சி.சி.யில் எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு பாயின்ட் டூ-டூ இருந்தன. இருபத்தைந்து கெஜத்தில் ஒன்று ஐந்து குண்டையும் கைக்குள் அடக்கும். மற்றொன்று வாரி இறைக்கும். புல்த்ரூவில், அதாவது குழலைத் துடைக்கும் கயிற்றில், துணி கட்டி எத்தனை முறை இழுத்தும் பலனில்லை. கடைசியில் ஒரு சுபேதார் குழலின் முனையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார். விளிம்பில் ஒரு சின்ன நெளிவு, நகம் மாட்டியது. எவனோ ஒரு மாணவன் முனையைத் தரையில் ஊன்றி நின்றிருக்கிறான். பழைய ரைபிள் வாங்குகிறவர்கள் பாலிஷைப் பார்ப்பதற்கு முன் அந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

எடையிலும் ஏமாற வேண்டாம். போட்டி ஏர் ரைபிளுக்கு 5.5 கிலோ என்பது உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. முப்பத்தெட்டுக் கிலோ இருந்த என் பேத்திக்கு அதைத் தூக்கவே இடுப்பு வளைந்தது. ஆறு மாதம், ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) இருந்த பழைய, லேசான ரைபிளிலேயே சுட்டாள். புதிது லட்சக்கணக்கில் விலை. பிள்ளைக்கு ஆர்வம் நிற்கிறதா என்று பார்க்க அந்த ஆறு மாதம் எங்களுக்கும் தேவைப்பட்டது.

அப்புறம் பெல்லட். இதைப் பற்றி யாரும் எழுதுவதே இல்லை. பேத்தியின் ரைபிளை ஆடாமல் இருக்க வைஸில் (இரும்பு இடுக்கியில்) இறுக்கிக் கட்டி, நான்கு டப்பாவிலிருந்து ஐந்தைந்தாகச் சுட்டோம். ஒரே கம்பெனி, ஒரே எடை. தலையின் விட்டம் மட்டும் 4.49, 4.50 என்று மயிரிழை வித்தியாசம். ஒரு டப்பாவின் ஐந்தும் பட்டாணி அளவு ஒற்றைத் துளையில் விழுந்தன. இன்னொரு டப்பா சுண்டைக்காய் அளவுக்குப் பரந்தது. பக்கத்துப் பையனின் ரைபிளில் அதே டப்பாக்களை வைத்துச் சுட்டால் முடிவு தலைகீழ். எங்கள் சுண்டைக்காய் டப்பாவை அவனிடம் கொடுத்துவிட்டு, அவனுடையதை நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

கட்டுரையின் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ‘கைத்துப்பாக்கியுடன் மாணவி’ என்று இருந்தது. அவள் கையில் இருந்தது ரைபிள். சரி, அதையும் சேர்த்தே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல்.